உள்ளே வர நம்பர், வெளியே போக வெறுங்கை

பனியன் கம்பெனியில் நம்பர் லாக் மாட்டுகிற கதவுகள் நாலைந்துதான் இருக்கும். சாம்பிள் ரூம், ஆக்சசரீஸ் ஸ்டோர், பேக்கிங் முடிந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கும் இடம், சனிக்கிழமைச் சம்பளப் பணம் எண்ணும் ஆபீஸ் அறை. பணம் இருக்கும் அறைக்குத்தான் காவல் அதிகம் வேண்டும் என்று தோன்றும். தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் ஆக்சசரீஸ் ஸ்டோரைக் கை காட்டுவார்கள். வெளிநாட்டு பிராண்டின் பெயர் நெய்த லேபிள் ஒரு ரோல் கணக்கில் குறைந்தால் பையருக்குப் பதில் சொல்லி மாளாது. அந்த லேபிள் வேறெங்கோ தைத்த டி-ஷர்ட்டில் ஏறிக் கடைக்கு வந்துவிட்டால் ஆர்டரே கைவிட்டுப் போகும்.

அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை சி-டிபாட் என்ற பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. சரக்குப் பெட்டிக்குள் துணியைத் தவிர வேறெதுவும் நுழையக் கூடாது என்பது அதன் நோக்கம். ஆகவே பேக்கிங், லோடிங் பகுதிகளுக்குள் யார் வரலாம், யார் வரக் கூடாது என்பதை ஆடிட்டர் கேட்பார். ஆடிட் தேதி வந்த பிறகு அவசரமாக வாங்கி மாட்டிய நம்பர் லாக்குகள் அவிநாசி சாலையிலும் பல்லடம் சாலையிலும் நிறைய உண்டு. அந்த அவசரத்தில் இரண்டு வேலைகள் விட்டுப்போகின்றன. லாக் கம்பெனியிலிருந்து வந்த மாஸ்டர் கோடு மாறாமல் அப்படியே இருக்கிறது. வெளியே போகும் பட்டன் தப்பாக வயரிங் ஆகியிருக்கிறது. முதலாவதால் பொருள் போகலாம். இரண்டாவதால் உயிர் போகலாம். அதனால் இந்த அத்தியாயத்தை வெளியே போகும் வழியிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு வகை லாக்

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கைப்பிடியும் நம்பர் பட்டனும் சேர்ந்து கதவிலேயே மாட்டுவது. நான்கு பென்சில் செல்லில் ஓடும். மரக்கதவுக்கும் ஆபீஸ் அறைக்கும் ஏற்றது. உள்பக்கக் கைப்பிடியைத் திருப்பினால் நம்பர் இல்லாமலே திறந்துவிடும் என்பதால், சரியாக மாட்டினால் இதில் ஆபத்து குறைவு.

மற்றது, சுவரில் கீபேடு, கதவின் மேல் மேக்னடிக் லாக், எங்கோ ஒரு மூலையில் 12 வோல்ட் பவர் சப்ளை, உள்ளே எக்ஸிட் பட்டன் என்று நான்கு துண்டாக வருவது. கண்ணாடிக் கதவுக்கும் இரும்புக் கதவுக்கும் இதைத்தான் போடுகிறார்கள். பரவலாக விற்கும் 280 கிலோ மேக்னட், 12 வோல்ட்டில் ஏறக்குறைய அரை ஆம்பியர் எடுக்கும். கரண்ட் ஓடும்வரை பிடித்திருக்கும், நின்றால் விட்டுவிடும். மேக்னட்டுக்குப் பதில் நிலையில் பதிக்கும் எலக்ட்ரிக் ஸ்ட்ரைக் போடுவதும் உண்டு. அதில் கரண்ட் போனால் திறப்பது, கரண்ட் போனாலும் பூட்டியே இருப்பது என இரண்டு ரகம் கிடைக்கும். எந்த ரகம் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

இரவுக் காவலுக்கு இவை எதையும் நம்ப வேண்டாம். இவை பகலில் ஆள் நடமாட்டத்தை ஒழுங்குபடுத்த வந்தவை. இரவு ஷட்டருக்கு நல்ல கனமான பூட்டு தனியாக வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை அந்த இடத்தில் நான் மனமாரச் சொல்வேன். கரண்ட்டும் கேட்காது, செல்லும் கேட்காது.

முதலில் வெளியே போகும் வழி

1911 மார்ச் 25, நியூயார்க் நகரில் டிரையாங்கிள் என்ற சட்டை தைக்கும் கம்பெனியில் தீப்பிடித்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியின் ஒரு கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகிறவர்களின் பைகளைச் சோதிக்க வசதியாக ஒரே வாசலைத் திறந்து வைப்பது அங்கே வழக்கம். நூறாண்டு கழித்து, 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆலையில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜன்னல்களுக்குக் கம்பி, வாசல்களுக்குப் பூட்டு. அதே ஆண்டு நவம்பர் 24 அன்று டாக்கா அருகே தஸ்ரீன் ஃபேஷன்ஸ் ஆலையில் நூற்றுக்கும் மேற்பட்டோர். அங்கும் பூட்டிய கதவுகள்.

மூன்றும் நம் தொழில். தீ பரவவும் வழியை மறிக்கவும் நம் கம்பெனிகளிலும் எல்லாம் உண்டு: துணிக் கட்டு, பஞ்சுத் தூசி, பாலிபேக், அட்டைப்பெட்டி, நெருக்கி அடுக்கிய பவர் டேபிள்கள். பனியன் துணியும் பாலித்தீனும் எரியும்போது எழும் புகையில் நம்பர் பட்டன் கண்ணுக்கே தெரியாது. ஆகவே விதி ஒன்றே ஒன்று. உள்ளே வருகிறவரிடம் கதவு நம்பர் கேட்கலாம். வெளியே போகிறவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. நம்பர், கார்டு, விரல்ரேகை, சாவி எதுவுமே. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் (2016, பகுதி 4) வெளியேறும் கதவு சாவியில்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

உள்பக்கமும் கீபேடு மாட்டித் தரச் சொல்லும் முதலாளிகள் இருக்கிறார்கள். யார் எப்போது வெளியே போனார் என்ற கணக்கு வேண்டும் என்பார்கள். கணக்கு வேண்டுமானால் கேமரா வைக்கலாம். ஸ்பின்னிங் மில் விடுதிகளில் பெண் பிள்ளைகள் தங்கும் கட்டடத்துக்கு இப்படி ஒரு லாக் கேட்டால் எந்த மெக்கானிக்கும் மாட்டித் தரக் கூடாது. ஆட்களை உள்ளே அடைத்து வைக்க இந்தக் கருவி செய்யப்படவில்லை.

இப்போது வயரிங். மேக்னடிக் லாக்கில் எக்ஸிட் பட்டனை எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கீபேடுக்குப் பின்னால் வரும் வயர்களில் எக்ஸிட் பட்டனுக்கென்றே ஒரு ஜோடி இருக்கும். அதில் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். அப்படிச் சேர்த்தால் பட்டன் அழுத்தியதும் கீபேடுக்குள் இருக்கும் சர்க்யூட் யோசித்து, அதுதான் மேக்னட்டை விடுவிக்கும். கீபேடு கெட்டால் பட்டனும் செத்தது. சரியான முறையில் மேக்னட்டுக்குப் போகும் 12 வோல்ட் வயரே எக்ஸிட் பட்டனின் வழியாகப் போக வேண்டும். அழுத்தினால் கரண்ட் நேரடியாக அறுபடும். கீபேடு உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டில்லை. இதோடு அதே வரிசையில் பச்சை நிற பிரேக் கிளாஸ் பெட்டி ஒன்று. ஃபயர் அலாரம் பேனல் இருக்கும் கட்டடமானால் அதன் ரிலேயும் அதே வரிசையில். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 101 விதிநூலும், மேக்னடிக் லாக் மாட்டிய கதவுகளில் பட்டன் நேரடியாகக் கரண்டை அறுக்க வேண்டும், 30 வினாடியாவது கதவு திறந்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. பையரின் ஆடிட்டர் இந்த இடத்தில்தான் நின்று பார்ப்பார்.

சோதிப்பது எளிது. கதவை மூடுங்கள். கீபேடின் வயரைக் கழற்றிவிடுங்கள். மேக்னட் பிடித்துக்கொண்டேயிருந்தால் உள்ளேயிருந்து பட்டனை அழுத்துங்கள். திறக்க வேண்டும். திறக்காவிட்டால் வயரிங்கை மாற்றும்வரை மெக்கானிக்குக் கூலி கொடுக்காதீர்கள். பட்டனுக்கு மேலே தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து நம்மூரில் தைக்கிறவர்கள் அவசரத்தில் தமிழ்ப் பலகையை எழுத்துக் கூட்டிக்கொண்டு நிற்க முடியாது. புதிதாகச் சேர்கிறவர்களை முதல் நாளே அழைத்துப்போய் ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள்.

நம்பர் ஏற்றுவது

நம்பர் லாக்கில் இரண்டு விதமான எண்கள் இருக்கும். மாஸ்டர் கோடு, லாக்குக்குக் கட்டளையிடும் எண். பெரும்பாலான மாடல்களில் அதைப் போட்டால் கதவு திறக்காது, செட்டிங் மட்டும் திறக்கும். யூசர் கோடு கதவைத் திறக்கும் எண். வாங்கி வரும்போது மாஸ்டர் கோடு 123456, 888888, 1234 என்பது போல ஏதாவது ஒன்றாக இருக்கும். அது புத்தகத்திலேயே அச்சாகியிருப்பதால் உலகத்துக்கே தெரியும். கதவில் மாட்டுமுன் மேஜையில் வைத்து அதை மாற்றிவிடுங்கள்.

சுவரில் மாட்டும் சாதாரண கீபேடுகள் பலவற்றில் வழி இப்படிப் போகும். முதலில் * அழுத்தி, மாஸ்டர் கோடு போட்டு, # அழுத்த வேண்டும். விளக்கு நிறம் மாறினால் அல்லது மின்னத் தொடங்கினால் செட்டிங்குக்குள் வந்துவிட்டீர்கள். 0 அழுத்தி, புதிய மாஸ்டர் கோடு, #, மறுபடி அதே கோடு, # என்றால் மாஸ்டர் மாறும். புதிய ஆளைச் சேர்க்க 1 அழுத்தி, அவருக்கான இட எண், #, அவருடைய கோடு, #. நீக்க 2 அழுத்தி, இட எண், #. வெளியே வர *. கதவு எத்தனை வினாடி திறந்திருக்க வேண்டும் என்பதற்குத் தனி எண் உண்டு. பல மாடல்களில் 4. செல்லில் ஓடும் கைப்பிடி லாக்குகளில் உள்பக்க மூடியைக் கழற்றினால் சின்னதாக ஒரு செட்டிங் பட்டன் இருக்கும். அதை அழுத்திவிட்டு முன்னால் வந்து எண் போட வேண்டியிருக்கும். உங்கள் மாடலுக்கு எது சரி என்பதை அதனுடன் வந்த தாள்தான் சொல்லும். அந்தத் தாளை போனில் படமெடுத்து இருவரிடமாவது வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் காணாமல் போவது நிச்சயம்.

மேலே இட எண் என்று சொன்னேனே, அதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. பலர் அதை மதிக்காமல் எல்லோருக்கும் ஒரே கோடு கொடுத்துவிடுகிறார்கள். மூன்றே மாதத்தில் அது கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும். டீ கொண்டு வரும் பையனுக்கும் தெரியும். ஆளுக்கொரு இடம் கொடுத்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: இடம் 1 முதலாளி, இடம் 2 மேனேஜர், இடம் 3 ஸ்டோர் கீப்பர், இடம் 4 மெர்ச்சண்டைசர். கோடு எழுத வேண்டாம், பெயரும் இட எண்ணும் போதும். ஒருவர் வேலையை விட்டால் அவருடைய கோடு என்னவென்று தெரியாமலே அந்த இடத்தை மட்டும் அழித்துவிடலாம். மெர்ச்சண்டைசர்கள் கம்பெனி மாறுவது நம்மூரில் சகஜம். கடைசி நாள் கணக்கு முடிக்கும்போதே இடத்தை அழிப்பதும் நடந்துவிட வேண்டும். அதில் யார் மீதும் சந்தேகம் இல்லை. பிறகு ஏதாவது காணாமல் போனால் விலகிப்போனவர் மீது பழி விழாமல் காப்பதும் இந்தப் பழக்கம்தான்.

என்ன கோடு வைப்பது? 2012இல் நிக் பெரி என்பவர் வெளியே கசிந்த 34 லட்சம் நான்கிலக்கக் குறியீடுகளை அலசிப் பார்த்தார். ஏறக்குறைய 11 சதவீதம் வெறும் 1234. நம்மூரில் 1234 போடாதவர்கள் காரின் நம்பரைப் போடுவார்கள், கம்பெனி போனின் கடைசி நான்கு எண்ணைப் போடுவார்கள், ஆறு இலக்கம் கேட்டால் 641601 என்று அஞ்சல் குறியீட்டைப் போடுவார்கள். மூன்றும் பெயர்ப் பலகையிலும் வாசலிலும் எழுதியிருப்பவை. குறைந்தது ஆறு இலக்கம், யாருடைய பிறந்த வருடமும் இல்லாதது, அவ்வளவுதான் தேவை.

தேய்மானத்தையும் கவனியுங்கள். பிளாட்லாக், ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து எழுந்து வரும் கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். ஒரே நான்கு பட்டன்கள் கறுத்தோ பளபளத்தோ தெரிந்தால், நான்கிலக்கக் கோட்டுக்கு 10,000 வாய்ப்புகள் இருந்த இடத்தில் 24 மட்டுமே மிச்சம். ஆளுக்கொரு கோடு இருந்தால் எல்லாப் பட்டனும் ஒன்றுபோல் தேயும். வாரம் ஒருமுறை லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைப்பதும் நல்லது. ஸ்பிரே நேரடியாக அடிக்கக் கூடாது. பட்டன் இடுக்கில் இறங்கிவிடும்.

கோடு ஏற்றியதும் கதவைத் திறந்து வைத்தபடியே சோதியுங்கள். ஒவ்வொரு கோட்டையும் இரண்டு மூன்று தடவை போட்டு, நாக்கு உள்ளே போய் வெளியே வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு கதவை மூடுங்கள். திறந்திருக்கும் நேரத்தை ஆபீஸ் அறைக்கு 5 வினாடி வைக்கலாம். பெட்டி ஏற்றிய டிராலி போகும் கதவுக்கு 5 வினாடி வைத்தால், தள்ளுகிறவர் இரண்டு தடவை பொறுத்துப்பார்த்துவிட்டு மூன்றாம் தடவை செங்கல்லை முட்டுக் கொடுத்துவிடுவார். அவரைத் திட்டிப் பயனில்லை. நேரத்தைக் கூட்டுங்கள்.

கோளாறு வந்தால்

“ஏனுங்க, நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு” என்றுதான் ஒவ்வொரு போனும் தொடங்கும். எந்தக் கோளாறானாலும் ஸ்குரூ டிரைவரை எடுக்குமுன் ஒரு கேள்வி: கதவு திறந்திருக்கும்போது லாக் ஒழுங்காக வேலை செய்கிறதா? செய்கிறது என்றால் எலக்ட்ரானிக்ஸில் குறையில்லை. கதவில் இருக்கிறது குறை.

கைப்பிடி லாக்குகளில் வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுவே விடை. கீல் தளர்ந்து கதவு ஒரு நூல் இறங்கியிருக்கும். நாக்கு நிலையின் ஓட்டையில் உரசும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு ஊதி இறுகும். சின்ன மோட்டாரால் அந்த உரசலைத் தள்ள முடியாது; ஒரு முனகல் கேட்கும், பிறகு பீப் பீப் என்று சிவப்பு விளக்கு. கதவைக் கையால் உள்பக்கம் இழுத்தோ மேலே தூக்கியோ பிடித்துக்கொண்டு நம்பர் போட்டால் திறக்கிறதா பாருங்கள். திறந்தால் கீல் ஸ்குரூவை முறுக்கி, நிலைத் தகட்டின் ஓட்டையை அரத்தால் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும். புது லாக் வாங்க வேண்டியதில்லை. இப்படித் தேவையில்லாமல் தூக்கியெறியப்பட்ட லாக்குகளைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படும்.

அடுத்தது செல். நான்கு அல்கலைன் செல் சேர்ந்தால் 6 வோல்ட். ரீசார்ஜ் செல் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான், நான்கும் சேர்ந்து 4.8. புதிதாகப் போட்ட அன்றே செல் தீர்ந்துவிட்டது என்று லாக் எச்சரிக்கை கொடுப்பது அதனால்தான். டிவி ரிமோட்டுக்குப் போடும் மலிவான கார்பன் செல்லும் மோட்டார் இழுவைக்குத் தாங்காது. விரைவில் கசிந்து காண்டாக்டில் பச்சை பூக்கும். அல்கலைன் செல், நான்கும் ஒரே கம்பெனி, நான்கையும் ஒரே நாளில் மாற்றுவது, மாற்றிய தேதியை மூடியின் உள்பக்கம் எழுதுவது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கம்பெனி பல நாள் மூடும் முன் செல்லை ஒருமுறை பாருங்கள். பலவீனமாகிவிட்டது என்பதற்கு அடையாளம் எச்சரிக்கை விளக்கு மட்டுமல்ல. நம்பர் போட்டதும் விளக்கு மங்கி அணைந்தாலும் அதுதான்.

செல் முழுக்கத் தீர்ந்து வெளியே நிற்கிறீர்கள் என்றால் பதற வேண்டாம். கீபேடின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பல மாடல்களில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். கடையில் 9 வோல்ட் சதுர பேட்டரி வாங்கி அதில் அழுத்திப் பிடித்தபடி நம்பர் போட்டால் திறக்கும். புது மாடல்களில் செல்போன் சார்ஜர் குத்தும் ஓட்டை இருக்கும். பவர் பேங்க் போதும். சாவித் துவாரம் உள்ள மாடலானால் அந்தச் சாவியை அதே அறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். வாட்ச்மேன் அறையில் உறையிலிட்டு ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

மேக்னடிக் லாக்கின் கதை வேறு. ‘பிடி விட்டுப்போச்சு, தள்ளினா திறந்துக்குது’ என்றால் முதலில் மேக்னட் முகத்தையும் எதிரே உள்ள தகட்டையும் பாருங்கள். நிட்டிங், கட்டிங் பக்கம் மிதக்கும் பஞ்சு அதில் படியும். எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்தால் மெல்லிய தோல்போல ஒட்டிக்கொள்ளும். இரண்டு இரும்புக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி வந்தாலே பிடி வெகுவாகக் குறைந்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முலாம் போய்த் துரு ஏறும். தகடு கொஞ்சம் ஆட வேண்டும். அதன் நடு போல்ட்டுக்குப் பின்னால் ரப்பர் வாஷர் இருப்பது அதற்காகத்தான். ஆடுகிறதே என்று முறுக்கி இறுக்கிவிட்டால் தகடு மேக்னட்டில் முழுமுகமாக உட்காராது.

துடைத்தும் பிடிக்கவில்லையா? மல்ட்டிமீட்டரை மேக்னட்டின் வயரிலேயே வையுங்கள். பவர் சப்ளையில் பார்க்காதீர்கள். அங்கே 12 காட்டும். நடுவில் போட்டிருக்கும் வயர்தான் வோல்ட்டைத் தின்கிறது. கைக்குக் கிடைத்த டெலிபோன் வயரை 20 மீட்டர் இழுத்திருந்தால், போகவும் வரவும் சேர்த்து 40 மீட்டர். அரை ஆம்பியருக்கு அதில் ஏறக்குறைய 1.75 வோல்ட் காணாமல் போகும். மேக்னட்டுக்குப் பத்து சொச்சம்தான் எட்டும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயராக இருந்தால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. அந்த வயரை மெஷின் மோட்டார்களுக்குப் போகும் லைனோடு ஒரே பைப்பில் போடவும் கூடாது. மோட்டார் ஆன் ஆகும்போதெல்லாம் கீபேடு தானாக பீப் அடித்தால் இதுதான் காரணமாக இருக்கும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மாலை 4, 5 மணிக்குத்தான் வரும். ஜெனரேட்டர் இருந்தாலும், அது பிடிக்கும்வரை மேக்னட் விட்டுவிடும். பேட்டரி இணைப்புள்ள பவர் சப்ளையும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியும் போட்டால், மேக்னட்டும் கீபேடும் சேர்ந்து எடுக்கும் 0.6 ஆம்பியருக்குக் கணக்குப்படி பதினொரு மணி நேரத்துக்கு மேல் வர வேண்டும். நடைமுறையில் எட்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வருடமான பேட்டரி ஒரு மணிகூடத் தாங்காமல் போகலாம். அந்தப் பராமரிப்பு நாளையே சோதனை நாளாக வைத்துக்கொண்டால் தெரிந்துவிடும்.

கதவு எப்போதும் திறந்தே இருந்து, நம்பர் போட்டால் மட்டும் ஐந்து வினாடி பூட்டிக்கொள்கிறதா? வயர் இடம் மாறியிருக்கிறது. கீபேடு ரிலேயில் காம், என்சி, என்ஓ என்று மூன்று முனைகள். மேக்னட்டுக்கு காமும் என்சியும். கரண்ட் போனாலும் பூட்டியிருக்கும் ஸ்ட்ரைக் லாக்குக்கு காமும் என்ஓவும். மாற்றிச் சேர்த்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும். சில மாதத்தில் ரிலே ஒட்டிக்கொண்டு, ‘டிக்’ சத்தம் வந்தும் கதவு திறக்காமல் போனால், லாக்கின் இரு முனைக்கும் குறுக்கே 1என்4007 டயோடு இருக்கிறதா பாருங்கள். வெள்ளைக் கோடு பாஸிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். மேக்னட் அணையும்போது எதிர்த்து எழும் மின்னழுத்தத்தை அதுதான் விழுங்கிக்கொள்ளும். சில ரூபாய் பொருள். அது இல்லாமல் கீபேடே போகும்.

சரியான நம்பரைப் போட்டும் சிவப்பு விளக்கு வந்தால், ஒவ்வொரு பட்டனையும் தனித்தனியாக அழுத்தி பீப் எண்ணுங்கள். பீப் வராத பட்டன் செத்தது. ஒரு அழுத்தலுக்கு இரண்டு பீப் வந்தால் உள்ளே பிசுக்கு. எந்தப் பட்டனுக்கும் அசைவே இல்லையென்றால், யாரோ பலமுறை தப்பாகப் போட்டு லாக் தன்னைத்தானே அடைத்துக்கொண்டிருக்கலாம். சில நிமிடம் தொடாமல் விடுங்கள். சில மாடல்களில் நடுவில் அழுத்த அழுத்த அடைப்பு நேரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். அயர்னிங் டேபிள் பக்கத்திலும் டையிங் பகுதியிலும் மாட்டிய கீபேடுகளில் நீராவியும் ரசாயன ஆவியும் புகுந்து காண்டாக்டை அரிக்கும். அங்கே ஐபி65 என்று போட்ட, சிலிகான் பூசிய ரகத்தைத்தான் வாங்க வேண்டும். சுவரில் வயர் நுழையும் ஓட்டையையும் அடைக்க வேண்டும்.

மாஸ்டர் கோடு மறந்துபோனால் ரீசெட். சுவர் கீபேடுகள் பலவற்றில் கரண்டை நிறுத்தி, எக்ஸிட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கரண்டைக் கொடுத்து, இரண்டு பீப் வந்ததும் விட்டால் மாஸ்டர் கோடு பழைய 123456க்குத் திரும்பும். எக்ஸிட் பட்டனை நான் சொன்னபடி மேக்னட் லைனில் மாற்றிப் போட்டிருந்தால், கீபேடின் அந்த ஜோடி வயரைக் கையால் சேர்த்துப் பிடித்துச் செய்ய வேண்டும். கைப்பிடி லாக்குகளில் உள்பக்கத்தில் ரீசெட் பட்டன் இருக்கும். இங்கே ஒரு கண்ணி உண்டு. பல கீபேடுகளில் ரீசெட் செய்தாலும் பழைய யூசர் கோடுகள் அழியாது. மாஸ்டர் மட்டும்தான் மாறும். போன வருடம் விலகியவரின் கோடு இன்னும் கதவைத் திறக்கும். ரீசெட் ஆனதும் எல்லா யூசரையும் அழிக்கும் கட்டளையைத் தாளில் பார்த்து ஓட்டிவிட்டு, நோட்டைத் திறந்து ஒவ்வொரு இடமாகப் புதிதாக ஏற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியிருந்தால், போனை எடுக்குமுன் நான்கு விஷயங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாடல் எண், விளக்கின் நிறமும் பீப் எண்ணிக்கையும், கதவு திறந்திருக்கும்போது வேலை செய்ததா என்பது, மீட்டர் காட்டிய வோல்ட். அவர் சரியான உதிரிப் பொருளோடு முதல் தடவையே வந்துவிடுவார். அவர் போன பின் மாஸ்டர் கோட்டை மாற்றுங்கள்.